நடக்கிறவர்களுக்குக் கட்டம் கிடையாது

இறங்குங்கள் தம்பி. பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வரவில்லை, பாலம்தான் வந்திருக்கிறது. பாலம் வந்தால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். பஸ் காலியாக அந்தக் கரைக்குப் போகும். நாம் பின்னாலேயே நடந்து போய் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். பதினான்கு வருஷமாக இப்படித்தான். கண்டக்டரும் இறங்கிவிட்டார் பாருங்கள். டிரைவர் மட்டும் உள்ளே இருப்பார். அவரும் தன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். எதற்கென்று கேட்காதீர்கள்.

இன்றைக்குக் கொஞ்சம் நேரமாகும். நடுப் பாலத்தில் வைக்கோல் டிராக்டர் நிற்கிறது, டயர் பஞ்சர். கனரக வாகனங்கள் செல்லக்கூடாது என்று இவ்வளவு பெரிய போர்டு வைத்திருக்கிறது. வைக்கோல் என்ன கனமா என்று கேட்பான். ஒரு வீட்டு உயரத்துக்கு ஏற்றியிருக்கிறான். இந்த வாகை மரத்துக்குக் கீழே வந்துவிடுங்கள். அந்தக் கரையில் நிழல் கிடையாது.

யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்? செல்லப்பா வீட்டுக் காதுகுத்தா? நல்லது.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எட்டாவது வரைக்கும் படித்தேன். முப்பத்தொரு வருஷம் ஆற்று மதகில் லஸ்கர் வேலை. மதகுப் பலகையை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். தண்ணீரோடு என்ன பேச்சு? பேர் வைரக்கண்ணு. ஊருக்குள் போய் வைரக்கண்ணு என்று கேட்டால் யாருக்கும் தெரியாத மாதிரி நடிப்பார்கள். ‘பதினொண்ணு’ என்று கேளுங்கள், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். அதற்கு வருகிறேன்.

முதலில் பாலத்தைப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் மஞ்சளும் கறுப்புமாக எப்படி மின்னுகிறது. வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறார்கள். மொத்தம் ஏழு கண். மூன்றாவது கண்ணுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தால், பதினேழு இடத்தில் கம்பி வெளியே வந்து துருப்பிடித்துத் தொங்குகிறது. அதற்குப் பெயிண்ட் கிடையாது. மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாதல்லவா? புதுப் பாலத்துக்கு இரண்டு முறை அடிக்கல் நட்டார்கள். ஒரு கல்லில் ஆடு கட்டுகிறார்கள், இன்னொன்றில் துணி துவைக்கிறார்கள். துவைக்கிற கல் நல்ல கல், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஊரிலிருந்து இருபத்து மூன்று மனு போயிருக்கிறது. பதில் வந்தது இரண்டு. இரண்டிலும் ஒரே வாசகம், தேதி மட்டும் வேறு.

போன மாசியில் ஒரு வழி பிறந்தது. பாலத்துக்குப் பணம் ஒதுக்க ஒரு பட்டியல் போடுகிறார்கள், அதில் ஏற வேண்டுமானால் வண்டிக் கணக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். ஏழு நாள், இரவும் பகலும், இந்தப் பாலத்தைத் தாண்டுகிற ஒவ்வொரு வண்டியையும் ஆள் உட்கார்ந்து எண்ணும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்பு. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அரை. கார் ஒன்று. பஸ், லாரி மூன்று. ஒரு நாளைக்குச் சராசரி ஆயிரம் வர வேண்டும். வந்தால் பாலம். வராவிட்டால் அடுத்த பட்டியலுக்கு ஐந்து வருஷம் பொறு.

யோசித்துப் பாருங்கள் தம்பி. பாலம் இற்றுப்போனதால் லாரி வரக்கூடாது என்று போர்டு வைத்தது அவர்கள். அறுப்பு மெஷின், நெல் லாரி எல்லாம் முப்பத்து மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகின்றன. அப்புறம் அவர்களே வந்து உட்கார்ந்து, லாரியைக் காணோமே, இந்த இடத்துக்குப் பாலம் எதற்கு என்று கேட்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவனைப் பார்த்தால் ஒரு கும்பிடு போட வேண்டும்.

கும்பிடு போட வேண்டிய இன்னொரு ஆள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். கலியமூர்த்தி. பஞ்சாயத்துத் தலைவர் அவர் பெண்டாட்டி. நாற்காலி இவருக்கு. கணக்கு எடுக்க வந்தவர்கள் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டார். அதில் மாட்டு வண்டிக்கு எட்டு என்று போட்டிருந்தது. ஆமாம், எட்டு. பஸ்ஸுக்கு மூன்று, மாட்டு வண்டிக்கு எட்டு. மெதுவாகப் போய் ரோட்டை அடைத்துக்கொள்கிறதாம், அதனால் மதிப்பு ஜாஸ்தி. கலியமூர்த்திக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்காது.

மறுநாள் காலையில் டீக்கடையில் கூட்டம் போட்டார். "இன்னியிலேருந்து ஏழு நாளைக்கு மாட்டு வண்டிதான்யா நமக்கு ஏரோப்ளேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் ஓடுகிற வண்டி மொத்தமே இரண்டு, தொழு உரம் அடிக்கிற வண்டிகள். அக்கம்பக்கத்து மூன்று ஊரில் பேசி ஒன்பது வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். அந்த ஒன்பதும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய்வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாடுகள் பாவம், ஏன் போகிறோம், ஏன் திரும்புகிறோம் என்று தெரியாமல் நடந்தன. ஓட்டுகிறவர்களுக்கு டீயும் வடையும்.

நான் ஓரமாக நின்றிருந்தேன். என்னைப் பார்த்து, "வைரக்கண்ணு மாமா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். வாயத் தொறக்காம இருந்தாப் போதும். அது உங்களுக்குப் பழக்கமாச்சே" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

இந்த வாகை மரத்தடியில்தான் மேஜை போட்டிருந்தது. பகலில் எண்ணுகிற பெண்ணுக்குப் பேர் பிருந்தா. எங்கேயோ வடக்கே இருந்து தினக்கூலிக்கு வந்த பெண். பட்டம் படித்தது. ஆனால் எண்ணத் தெரியவில்லை. நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு போட்டால் ஐந்து. அது சில சமயம் ஐந்து கோடு போட்டுக் குறுக்கே ஆறாவது போட்டுவிடும். போன் வந்தால் இரண்டு சைக்கிள் தப்பிவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று முதல் நாள் முழுக்கச் சொல்லவில்லை. கூச்சம்.

இரண்டாம் நாள் மத்தியானம் அந்தப் பெண் சாப்பிடப் போக வேண்டும். மாற்று ஆள் வரவில்லை. என்னைப் பார்த்து, "ஐயா, ஒரு அரை மணி நேரம் நீங்க போடுறீங்களா? கோடு போடத் தெரியுமில்ல?" என்றது.

தெரியுமில்ல என்று கேட்டது. முப்பத்தொரு வருஷம் தண்ணீர் அளவு எழுதியவனைப் பார்த்து. ஒன்று சொல்கிறேன் தம்பி. நான் நாலடி இரண்டு அங்குலம் என்று எழுதினால் ஆபீஸில் அதை நாலரை ஆக்குவார்கள். மூன்றடி என்று எழுதினால், என்னய்யா மூணடி, மேலேருந்து கேப்பாங்க, மூணே முக்கால்னு போடு என்பார்கள். நான் எழுதியது எழுதியபடி ஒருநாளும் மேலே போனது கிடையாது. இந்தப் பெண் தாளையே என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது.

அரை மணி என்று போனது, ஐம்பது நிமிஷம் கழித்து வந்தது. ஐம்பது நிமிஷமும் ஒரு சைக்கிள் தப்பவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, நீ காலையில் விட்டது இருபத்தாறு வண்டி, அதையும் சேர்த்துக்கொள் என்றேன். எது எது என்று வகை பிரித்தும் சொன்னேன். இதை எங்கள் ஊரில் ஒருத்தன் சொல்வானா பாருங்கள். இருபத்தாறைக் கூட்டிக் கொடுத்தேன். அதை யாரும் பேசுவது கிடையாது.

அந்தப் பெண் சந்தோஷமாக எழுதிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து நீலச் சக்கரம் போட்ட வண்டி ஒன்று பாலத்தில் ஏறியது. இடத்து மாட்டுக்கு ஒரு கொம்பு பாதி. தனுஷ்கோடி ஓட்டுகிறான். அந்தப் பெண் மாட்டு வண்டிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, "உங்க ஊர்ல இத்தன மாட்டு வண்டியா ஐயா? ஆச்சரியமா இருக்கு" என்றது.

கேட்டது தம்பி. நானாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். "இது பதினோராவது தடவை" என்றேன்.

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கிடையாது. மற்ற எட்டு வண்டி எத்தனை எத்தனை என்று அது கேட்டது, அதையும் சொன்னேன். கேட்டால் சொல்ல வேண்டும் இல்லையா?

அந்தப் பெண் பயந்துபோய் மேலே போன் போட்டுவிட்டது. மூன்றாம் நாள் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். இறங்கவே இல்லை. ஜீப்பில் உட்கார்ந்தபடியே தாளை வாங்கி, மாட்டு வண்டிக் கட்டம் முழுவதையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். இனிமேல் மாட்டு வண்டி எதுவும் எழுதாதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்னது ஒன்பது வண்டி. எங்கள் ஊர் உர வண்டி இரண்டும் உண்மையான வண்டிகள். வண்டிக்கு ஒரு நாளைக்குப் போக ஒன்று, வர ஒன்று. ஆக நாலு. நாலு எட்டு முப்பத்திரண்டு. அதையும் சேர்த்து அடித்துவிட்டார்.

ஏழு நாள் முடிந்து சராசரி போட்டார்கள். எண்ணூற்று முப்பத்தொன்பது. நியாயமாக வந்திருக்க வேண்டியது எண்ணூற்று எழுபத்தொன்று. முப்பத்திரண்டைத் திருடிவிட்டார்கள். நான் மனு எழுதினேன். இருபத்து நாலாவது மனு அது. என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே மனு.

ஊரில் என்ன பேசினார்கள் என்கிறீர்கள்? ஒன்பது வண்டியும் ஏழு நாளும் ஓடியிருந்தால் ஆயிரத்து எழுநூற்றைத் தொட்டிருக்கும், பாலம் வந்திருக்கும், பதினொண்ணு கெடுத்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து என் பேர் அது. "பதினொண்ணு வருது, டீயை எண்ணி ஊத்து" என்பான் கடைக்காரன். கோயிலில் விபூதி வாங்கப் போனால், "பதினொண்ணுக்குக் குடுத்தாச்சா?" என்கிறார் குருக்கள். அதிலும் தப்பு பாருங்கள். நான் சொன்ன நேரத்தில் பதினொன்று. அன்று சாயங்காலத்துக்குள் தனுஷ்கோடி வண்டி பதினாலு தடவை போய்விட்டது. கேலி செய்வதானால் பதினாலு என்று செய்ய வேண்டும். ஒரு பேரைக்கூடச் சரியாக வைக்கத் தெரியாத ஊருக்குப் பாலம் வேண்டுமாம்.

கலியமூர்த்தி வீட்டுக்கே வந்து கத்தினார். "மாமா, ஒங்களுக்கு என்னா வந்துச்சு? அந்தப் பொண்ணு ஒங்களுக்கு மாமனா மச்சானா? ஒங்க வீட்டம்மாதானே டெய்லி கூடையத் தூக்கிக்கிட்டு இந்தப் பாலத்துல நடக்குது? அதையாவது நெனச்சீங்களா?" என்றார். கத்துகிறவர்களிடம் எனக்குப் பேச வராது.

அவர் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் சரி. என் வீட்டுக்காரி சௌந்தரவல்லி. டவுன் மார்க்கெட்டில் கீரை விற்கிறாள். கொல்லையில் நான் கீரை போடுவேன், விடிவதற்குள் அறுத்துக் கட்டுவேன், அவள் ஆறு பத்து பஸ்ஸில் கொண்டுபோவாள். பாலம் வந்ததும் கூடையோடு இறங்கி நடந்து மறுபடி ஏற வேண்டும். வலது முழங்கால் வீங்கிப் போய்விட்டது. அவள் நடந்து சேருவதற்குள் மற்றவர்கள் ஓடிப்போய் சீட்டில் துண்டு போட்டுவிடுவார்கள். மீதி தூரம் நின்றுகொண்டே போவாள். ஒருநாள் கண்டக்டர், "அந்தம்மா மட்டும் உள்ளேயே இருக்கட்டும்யா" என்றார். அன்று நானும் பஸ்ஸில் இருந்தேன். எல்லோரும் என்றால் எல்லோரும்தான், இறங்கு என்றேன். இறங்கினாள். அவள் எடை நாற்பத்தெட்டு, கூடை பதினாலு. அறுபத்திரண்டு கிலோவை அந்த மூன்றாவது கண்ணுக்கு மேலே பஸ்ஸோடு சேர்த்து வைத்துவிட்டு நான் கரையில் நின்று பார்க்க வேண்டுமா? இதை அவளிடம் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிய வேண்டும்.

கலியமூர்த்தி கத்திவிட்டுப் போன பிறகு அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். நான் முப்பத்திரண்டுக்கான மனுவை எழுதிக்கொண்டிருந்தேன்.

"அந்த முப்பத்திரண்டு கெடைச்சா பாலம் வந்துருமா?" என்றாள்.

"வராது. அப்பவும் ஆயிரத்துக்கு நூத்தி இருபத்தொம்போது கொறையும். ஆனா கணக்கு சரியாயிடும்."

வலது முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள். அப்புறம், "அந்தத் தாள்ல நான் எந்தக் கட்டத்துல வர்றேன்?" என்றாள்.

நல்ல கேள்வி. நான் யோசித்துப் பார்த்தேன். சைக்கிளுக்குக் கட்டம் உண்டு, மாட்டு வண்டிக்கு உண்டு, கை வண்டிக்கு உண்டு. பஸ்ஸுக்கு உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அவள் பஸ்ஸில் இல்லையே. பஸ் காலியாகப் போகிறது, அதற்கு மூன்று போட்டாயிற்று. இவள் பின்னால் நடந்து வருகிறாள். "நீ நடக்கிறே. நடக்கிறவங்களுக்குக் கட்டம் கெடையாது" என்றேன்.

உண்மையைத்தானே சொன்னேன்? எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிறகு நான் ஒரு வாரம் இங்கே உட்கார்ந்து தனியாக ஒரு கணக்கு எடுத்தேன். ஒரு நாளைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி இந்தப் பாலத்தில் நடக்கிறவர்கள் சராசரி நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு அரை போட்டால்கூட இருநூற்று ஆறு. எண்ணூற்று எழுபத்தொன்றோடு கூட்டிப் பாருங்கள். ஆயிரத்து எழுபத்தேழு. ஒரு மாட்டு வண்டி வேண்டியதில்லை, ஒரு பொய் வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் தாளில் கட்டம் இல்லை. ஊரிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்பது வண்டி தேடி மூன்று ஊர் அலைந்தார்களே, தங்கள் காலைக் குனிந்து பார்த்தார்களா?

அந்தப் பிருந்தா மேஜை போட்டிருந்தபோது நீங்கள் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? அது நடக்கிறவர்களைப் பற்றிக் கேட்கவில்லையே தம்பி.

சித்திரையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்துகிறார்கள். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து பஸ் இந்தக் கரையோடு திரும்பிவிடும். இதோ நிற்கிறது பாருங்கள், இதற்கு இன்னும் ஒன்பது நாள்தான். அந்தக் கரையிலிருந்து ஊர் நாலு கிலோமீட்டர். கூடையோடு அந்த முழங்கால் எப்படி நடக்கும்? அதனால் சௌந்தரவல்லி ஆனி மாசமே டவுனுக்குப் போய்விட்டாள். மார்க்கெட் பின்பக்கம் ஒரு அறை. அவளோடு பூ விற்கிற அம்மாளும் கூட இருக்கிறாள். ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். புருஷனை விட்டுப் போய்விட்டாள் என்கிறார்கள். பேசட்டும். முட்டி வலி. டாக்டர் நடக்கக் கூடாது என்றிருக்கிறார். தகர டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள் என்றால், துணி வைக்க வேண்டாமா?

இப்போது ஆறு பத்தில் நான் கீரை கொண்டுபோகிறேன். கொடுத்துவிட்டு இந்தப் பஸ்ஸில் திரும்புகிறேன். பேச்சு கிடையாது. எங்களுக்குள் முப்பத்தெட்டு வருஷமாகவே பேச்சு குறைவு. கீரைக் கட்டுகளை வாங்கி வைப்பாள், நான் திரும்புவேன். எத்தனை கட்டு என்று அவள் எண்ணிப் பார்ப்பது கிடையாது. என் எண்ணிக்கையில் அவளுக்கு நம்பிக்கை உண்டு.

இன்றைக்குப் பேசினாள். "ஒண்ணாந்தேதியிலேருந்து கீரை வேணாம். இங்கயே ஒருத்தர்ட்ட சொல்லிட்டேன்" என்றாள். நான் சரி என்றேன். என் காலுக்காகச் சொல்கிறாள். இந்த வயதில் போக நாலு, வர நாலு நடக்க விடுவாளா? அப்படித்தான் இருக்க வேண்டும். முகத்தைப் பார்க்கவில்லை. பழைய கட்டுக்கு மேலே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அதோ டிராக்டரைத் தள்ளிவிட்டார்கள். பஸ் ஏறுகிறது. நாம் கொஞ்சம் பின்னால் நடப்போம், அவசரம் வேண்டாம். உங்களுக்கு உட்கார இடம் கிடைக்காது, அதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நாளைக்குத் திரும்பிவிடுவீர்களா? டவுன் வழியாகத்தானே? அப்படியானால் ஒரு காரியம். மார்க்கெட்டில் நுழைந்ததும் இடதுகை வரிசையில் மூன்றாவது, கீரைக்காரம்மா, வலது காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். கொல்லையில் ஆறு பாத்தி அரைக்கீரை விதைத்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வேண்டாம் என்று விதைக்கும்போது யாரும் சொல்லவில்லை. இருபத்து நாலாம் நாள் அறுப்பு. கணக்குப் போட்டால் நாலாம் தேதி வருகிறது. இதை அவளிடம் காலையில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. யாரும் கேட்கவில்லை, எப்படிச் சொல்வது?

நீங்கள் சொல்லிவிடுங்கள். நான் சொல்லச் சொன்னதாக வேண்டாம். ஆறு பாத்தி, நாலாம் தேதி. அது போதும்.